ஈரத்தில் நின்ற சக்கரம்

இரணியல் ஊர்க்காரி பெபிஷாவுக்குத் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் டெக்னீஷியன் வேலை. விமானச் சக்கரங்களும் பிரேக்கும் அவள் பொறுப்பு. ஜூன் மழையில் தக்கலை சாலையில் பைக் சறுக்கிக் கணவன் சிஜின் இறந்தபோதும் அவள் வேலையில்தான் இருந்தாள்.

அடக்கம் முடிந்து, வீட்டு ஜெபங்களும் முடிந்தன. வந்தவர்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவர்கள் முதுகை இவள் தடவிக்கொடுத்தாள். தனக்கு அழுகை வரவில்லை. வேலைக்குத் திரும்பியதும், கொஞ்ச நாள் உதிரிபாக ஸ்டோரில் இருக்கும்படி மேற்பார்வையாளர் முருகதாஸ் சொன்னார். வேண்டாமென்றுவிட்டாள்.

ஒரு மழை மதியம் இறங்கிய விமானம், பிரேக் பிடிக்கையில் ஒருபக்கமாக இழுத்ததென்று விமானி சொன்னார். பெபிஷா குனிந்து பார்த்தாள். ஒரு டயரில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ரப்பர் வெந்து பிசுபிசுத்திருந்தது. சுழலாமல் ஈரத்தில் இழுபட்ட சக்கரம். அடியில் சிக்கிய நீர் கொதித்து ரப்பரை அவித்திருந்தது. சக்கரம் சட்டென்று நிற்கப் பார்த்தால் அச்சிலுள்ள சென்சார் அதைச் சொல்லும். உடனே அந்தச் சக்கரத்தின் பிரேக் மட்டும் தளரும். உருளத் தொடங்கியதும் மறுபடி இறுகும். இங்கே அந்த சென்சார் பழுது. அதையும் சக்கரத்தையும் மாற்றிச் சோதித்தார்கள். விமானம் கிளம்பிப் போனது. அவளுக்கு எதுவும் தோன்றவில்லை.

வீட்டில் மாமியார் தேவகனி காத்திருந்தாள். மகன் பைக்கில் பறந்து போயிருப்பான் என்று சர்ச்சில் யாரோ பேசியது அவள் காதில் விழுந்திருந்தது.

"மக்ளே, மறைக்காம சொல்லு. அவன் வேகமா போனானா?"

பெபிஷா தோள்பையை இறக்காமலே சொன்னாள். தேங்கிய நீர் டயருக்கும் தாருக்கும் நடுவே புகுந்து வண்டியைத் தூக்கிவிடும். தேய்ந்த டயரில் நீர் வெளியேற வழியில்லை. அப்போது பிரேக் பிடித்தால் சக்கரம் நிற்கும், வண்டி நிற்காது. விமானத்தில் பிரேக் விட்டுவிட்டுப் பிடிப்பதையும் சொன்னாள்.

"பைக்குல அது கெடையாதா?"

"புதுசுல உண்டு மாமி. அவருக்க வண்டியில இல்ல."

"அப்பம் வேகமா போவல்லியா?"

"அது எனக்குத் தெரியாது. பிரேக் பிடிச்சாரு. ரோட்டுல சக்கரம் இழுபட்ட தடம் கெடந்துச்சு."

தேவகனி முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் சர்ச்சுக்குப் போனார்கள். வாசலில் அந்தப் பேச்சு மறுபடி எழுந்தது. "எனக்க மவன் பிரேக் பிடிச்சிருக்கான்," என்றாள் தேவகனி, சத்தம் உயராமல். தூறல் விழவும் பெபிஷா குடையை விரித்து மாமியார் பக்கம் சாய்த்துப் பிடித்தாள். அவளுக்கு அப்போதும் அழுகை வரவில்லை.