பிடுங்கச் சொன்ன செடியும் பேச்சியக்காவும்

பேச்சியக்கா இறந்த செய்தி வந்தபோது நான் போடியில் ஒரு முடிதிருத்தும் கடையில் மீசைக்கு மை பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். அதற்கு எனக்கு அலங்காரம்! பாதி மீசை கறுப்பு, பாதி வெள்ளை. ஜீப் ஓட்டும் முருகன் போனில், "அண்ணே, பேச்சியக்கா காலையில தவறிப்போச்சு. சிலமலைக்கு வெரசா வாங்க" என்றான். மீதியைப் பூச மனம் வரவில்லை. அப்படியே கிளம்பிவிட்டேன். துக்க வீட்டில் அழுதுகொண்டிருந்த பெண்கள் இரண்டு பேர் என்னைப் பார்த்ததும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பழைய பேச்சியக்காவாக இருந்தால் பொத்தியிருக்க மாட்டார். "என்ன கணக்கு, ஒரு வயலுக்குத்தான் தண்ணி பாஞ்சுதா?" என்று ஊருக்கே கேட்கும்படி கேட்டிருப்பார்.

போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் நாங்கள் இருபது வருடத்துக்கு மேல் ஒன்றாக இருந்தோம். அவர் களை எடுப்பார், கவாத்து செய்வார், காய் பறிப்பார். நான் வேலைக்கு வந்தவர்களின் பெயரை எழுதுவேன். பத்தாம் வகுப்பை இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் தோற்றவன் நான். ஆனால் கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும். அந்த ஒரு தகுதிக்காகக் கிடைத்த வேலையும், 'கணக்கு' என்ற பெயரும்.

எங்கள் தோட்டத்தை ஒட்டி ஓர் ஓடை. அதற்கு அந்தப் பக்கம் சோலைக்காடு. காட்டில் தானாக வளரும் ஏலத்துக்குப் பூச்சரம் தரையோடு படுத்துக் கிடக்கும், காய் சிறுத்திருக்கும். தோட்டத்தில் நாங்கள் நட்ட ஏலத்துக்குச் சரம் நிமிர்ந்து நிற்கும், காய் பெருத்திருக்கும். ஓடைக்கரையில் யாரும் நடாத செடி ஒன்று முளைத்தது. அதன் சரம் படுக்கவும் இல்லை, நிமிரவும் இல்லை. எழும்பி, பாதியில் தலை குனிந்து நின்றது. தூரிலிருந்து பிரித்து நட்டதுதான் செடி, விதை விழுந்து முளைத்ததெல்லாம் களை என்பது எங்கள் தோட்டத்துச் சட்டம். "புடுங்குக்கா" என்றேன்.

"ஏன், உன்னய என்ன செஞ்சுச்சு?"

"சாதிகெட்ட செடிக்கா. காடும் தோட்டமும் கலந்தது."

"தேனீ கட்டி வச்ச கல்யாணம், கணக்கு. பிரிச்சு வைக்க நீ என்ன பஞ்சாயத்தா?" என்றார். நான் அந்தப் பக்கம் போனதும் சருகை அள்ளிப் போட்டு மூடிவிட்டார். மூன்று முறை பிடுங்கச் சொன்னேன். மூன்று முறையும் மூடினார்.

பிறகு ஓயாத மழை பெய்த ஒரு வருடம் வந்தது ஊர்க்காரர்களான உங்களுக்கும் நினைவிருக்கும். அழுகல் நோயில் தோட்டம் முழுக்கக் காய் கறுத்து உதிர்ந்தது. கைவைத்தால் தட்டை கையோடு வந்தது. ஓடைக்கரைச் செடியும், அதன் தூரைப் பிரித்து அக்கா யாருக்கும் சொல்லாமல் சுற்றிலும் ஊன்றியிருந்த நாலைந்தும் மட்டும் பச்சையாக நின்றன.

விஷயம் பரவி, ஓர் ஆராய்ச்சிக்கார அம்மா பார்க்க வந்தார். தாயும் தகப்பனும் வேறு வேறாக இருக்கிற இயற்கைக் கலப்பு என்றார். உருளைக்கிழங்கு பிறந்த தேசத்து மலைகளில் காட்டு உருளைச் செடிகளும் இப்படித்தானாம். அங்கே அதில் பல இனங்கள் உண்டு. வண்டு ஓர் இனத்தின் மகரந்தத்தை இன்னொன்றில் கொண்டுபோய் வைக்க, யாரும் கைவைக்காமலே கலப்புச் செடிகள் முளைக்கும். எது எந்த இனம் என்று பிரிக்க முடியாமல் படித்தவர்களே திண்டாடுவார்கள். பெற்ற செடிகள் தாக்குப்பிடிக்காத இடத்திலும் சில கலப்புகள் நின்றுவிடும். இதையெல்லாம் கவனமாகக் கேட்ட அக்கா, "அப்ப அங்கயும் ஒரு கணக்கு நின்னு புடுங்கு புடுங்குன்னு கத்திருப்பான்ல?" என்றார். அந்த அம்மா சிரித்த சிரிப்பில் குடை கைநழுவி ஓடையில் போனது.

அவர் செடியைப் பதிவு செய்ய ஒரு படிவத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். 'முதலில் கண்டறிந்தவர் பெயர்' என்று ஒரு கட்டம் அதில் இருந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "உன் கையெழுத்துதான் நல்லாருக்கும், எழுது. அந்த எடத்துல எம் பேரப் போடு" என்றார்.

"பேச்சியக்காதான்ங்க..."

"தோட்டம் யாருதுப்பா?"

நிலம் அவருடையதுதான். கண்ணும் அவருடையதா? அட்டைக்கடிக்குப் பயந்து அந்த மனிதர் ஓடைப் பக்கம் இறங்கியதே கிடையாது. இதை அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டும். என் மகள் பன்னிரண்டாவது முடித்திருந்தாள். ஒரு கல்லூரியில் சொல்லி இடம் வாங்கித் தருவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். எழுதினேன். முத்து முத்தாக எழுதினேன். அந்தக் கையை நினைத்தால் இப்போதும் எனக்குக் கொதிக்கிறது.

மாலையில் ஊர் திரும்பும் ஜீப்பில் அக்கா என் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார். "கணக்கு, எம் பேர எப்படி எழுதுன? பேச்சின்னா, பேச்சியம்மாள்னா? ரேஷன் கார்டுல தப்பா இருக்கு, அதான் கேக்குறேன்."

"சரியாத்தான்க்கா எழுதிருக்கேன்."

அதை நம்பி, தாளில் தன் பெயர் இருக்கிறது என்று சிலமலை முழுக்கச் சொன்னார். அடுத்த வருடம் நாற்றங்காலில் பலகை வைத்தார்கள். அந்தச் செடிக்கு முதலாளியின் பெயர்! மாலை என்ன, போட்டோ என்ன! அக்காவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. ஆனாலும் பலகையின் முன் வெகுநேரம் நின்றார். யாரிடம் கேட்டார், யார் படித்துச் சொன்னார்கள், எனக்குத் தெரியாது. மறுநாள் காலை பெயர் எழுதும்போது, "பேச்சியம்மாள் வந்துருக்கேன், எழுதிக்கங்க சார்" என்றார். அதற்குப் பிறகு ஒரு நாளும் என்னைக் 'கணக்கு' என்று கூப்பிடவில்லை. திட்டவுமில்லை. திட்டியிருந்தால் காலில் விழுந்து தப்பித்திருப்பேன்.

பதினாறாம் நாள் படத்திறப்புக்கு முதலாளி வந்தார். மைக்கைப் பிடித்து, "நான் கண்டுபிடிச்ச செடிக்கு மண்ணு அணைச்ச கை பேச்சியோடது. நல்ல விசுவாசி" என்றார். மண் அணைத்த கையாம்! விசுவாசியாம்! தன் வேலைக்கே உலை வைக்கும் என்று தெரிந்தும் மூன்று முறை உத்தரவை மீறிய மனுஷி விசுவாசியா? முன்வரிசையில் இருந்த நீங்கள் கைதட்டினீர்கள். அந்த ஜீப்பில் ஏறி இறங்கிய அத்தனை பேருக்கும் தெரியும், செடியைக் கண்டது யார் என்று. உங்கள்மேல் எனக்குக் கோபம்தான். கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை என்பது வேறு விஷயம்.

அடுத்து என்னைப் பேசச் சொன்னார்கள். எழுந்தேன். அக்கா ஒரு நாளும் வேலைக்குப் பிந்தி வந்ததில்லை என்றேன். நன்றாகச் சிரிக்கச் சிரிக்கப் பேசுவார் என்றேன். செடி என்ற சொல்லே என் வாயில் வரவில்லை. முதலாளி தலையை ஆட்டினார். உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது அந்த 'சார்' ஒன்றுதான். யாராவது என்னை மரியாதையாகக் கூப்பிட்டால் இப்போது உடம்பு கூசுகிறது. அது போகக் கூடாது, இருக்கட்டும்.

படத்துக்கு முன்னால் பூப்போட நின்றபோது தொண்டை வரை வந்து, நான் விழுங்கிவிட்டது இதுதான்: "அக்கா, அந்தத் தாளுல ஒம் பேர நான் எழுதவே இல்ல."