பக்கத்துக் கட்டிலில் சத்தமே இல்லை

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பிழையும் நிறைய இருக்கும். வலது தோள் இன்னும் முழுதாகச் சரியாகவில்லை என்பதையும் சேர்த்துப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

லாரியில் மக்காச்சோள மூட்டை ஏற்றும்போது கால் சறுக்கி விழுந்தேன். தோள் மூட்டு நழுவிவிட்டது. விக்கிரமங்கலத்திலிருந்து ஆட்டோவில் அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு ஒரே பயம்தான். மனைவி முன்னால் கத்திவிடக் கூடாது. மூன்று பிள்ளைகளையும் பல்லைக் கடித்துக்கொண்டு பெற்றவள் அவள்.

ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவை நிறுத்தி இட்லி வாங்கினாள்.

"வெறும் வயித்துல ஊசி போட்டா மயக்கம் வந்துடும். வாயத் தொறங்க."

வேண்டாம் என்று சொல்லக்கூட எனக்குக் கூச்சம். தின்றேன்.

பக்கத்துக் கட்டிலில் பெரம்பலூர்க்காரர் ஒருவர். இஸ்திரி போட்ட சட்டை, என் வயதுதான் இருக்கும். பைக் சறுக்கி அவருக்கும் தோள் நழுவியிருந்தது. அன்று அவருக்கு விரதமாம், காலையிலிருந்து தண்ணீரைத் தவிர வயிற்றுக்குள் எதுவும் போகவில்லையாம். அவரைத் தூங்க வைத்துவிட்டு எலும்பை ஏற்றலாம் என்று டாக்டரம்மா சொன்னது திரைக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. எக்ஸ்ரே சீட்டை வாங்கப் போயிருந்த என் மனைவிக்குக் கேட்கவில்லை.

அவள் திரும்பி வந்தபோது திரை கொஞ்சம் விலகியிருந்தது. டாக்டரம்மா அந்த மனுசன் கையைப் பிடித்து மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தார். அந்த ஆளோ கண்ணை மூடிக்கொண்டு சாமி மாதிரி கிடந்தார்.

"பாத்தீங்களா? அந்த சாரு ஒரு சத்தம் போடணுமே! என்னா நெஞ்சழுத்தம்!"

என் தோளைவிட நெஞ்சு அதிகமாக எரிந்தது. அது தூக்க மருந்து என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பொறாமையில் சொல்வதாக நினைப்பாளோ என்று வாயை மூடிக்கொண்டேன். பொறாமைதானே.

என் முறை வந்தது.

"கடைசியா எப்ப சாப்பிட்டீங்க, ஐயா?"

"இப்பத்தாங்க டாக்டர், வாசல்ல. சூடா நாலு இட்லி" என்று மனைவி பெருமையோடு சொன்னாள்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "வயிறு நெறஞ்சிருக்கறப்ப தூக்க மருந்து வேணாம்மா. வாந்தி வந்தா நுரையீரலுக்குள்ள போயிடும். மூட்டுக்குள்ளயே மரத்துப்போற ஊசி போடறேன். முழிச்சிருப்பாரு, இழுக்கறது தெரியும், வலி ரொம்பக் குறையும். தாங்க முடியலன்னா உடனே சொல்லணும், என்ன?"

தலையாட்டினேன். ஊசி குத்தியபோது சுருக்கென்றது. மரத்துப்போகட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டார்கள். பிறகு டாக்டரம்மா என் முழங்கையை மடக்கி, கையை வெளிப்பக்கமாக மெல்லத் திருப்பினார். வலி குறைந்திருந்தது, பயம் குறையவில்லை. நான் சத்தம் போடவில்லை. இடது கையில் மனைவியின் மணிக்கட்டு இருந்தது, அது மட்டும் நினைவிருக்கிறது. உள்ளே எலும்பு 'தொளக்' என்று இடத்தில் உட்கார்ந்தது.

கண்ணைத் திறந்தால் அவளைக் காணோம். திரைக்கு அந்தப் பக்கம் அந்த மனுசன் விழித்து, "முடிஞ்சிடுச்சா?" என்று கேட்பது கேட்டது. அவரைப் பார்க்கத்தான் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். கையைக் கழுத்திலிருந்து தொங்கும் துணித் தூளியில் மாட்டி வீடு வரும்வரை அவளோடு பேசவில்லை.

அதன்பிறகு யார் நலம் விசாரிக்க வந்தாலும் பெரம்பலூர் சாரின் நெஞ்சழுத்தம்தான் பேச்சு. முந்தாநாள் அவள் தங்கையிடமும் அதையே தொடங்கினாள். என்னால் தாங்க முடியவில்லை.

"அந்த ஆளுக்குத் தூக்க மருந்து குடுத்தாங்கடி. அவன் தூங்கிக்கிட்டு கெடந்தான். நான் முழிச்சிக்கிட்டு இருந்தேன்."

மனைவி என்னையே பார்த்தாள். "அதான் அந்தப் புடி புடிச்சீங்களா? கண்ணாடி வளையல் அத்தனையும் நொறுங்கிப்போச்சு. வெறுங்கையோட ஒங்க முன்னால நிக்கக் கூடாதுன்னு வாசல்ல வளையல் வாங்க ஓடுனேன். ரத்தத்தக்கூட தொடைக்கல."

மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். மெல்லிய கோடாகத் தழும்பு. அத்தனை நாளும் நான் அதைக் கவனிக்கவே இல்லை.

தங்கை சிரித்தாள். மனைவியும் சிரித்துவிட்டு, "என்னா இருந்தாலும் அந்த சாரு தூங்கறப்பவும் மொகம் களையாத்தான் இருந்துச்சு" என்றாள்.

நெஞ்சு இன்னும் எரிகிறது. முன்பு போல இல்லை.

எழுதி முடித்தது: ஆவணி மாதம், முதல் ஞாயிற்றுக்கிழமை.