தேங்காய் உருளாத வண்டி

திருவனந்தபுரம் கரமனையில் ஒரு சிறிய ஒர்க்ஷாப் முன் நானும் மனைவியும் நிற்கிறோம். பழைய ஜீப்பை விற்று வாங்கிய பிக்கப், ஜீப்பைவிட உயரம். நாங்கள் சமைத்து, படுத்து, ஊர் சுற்றும் டிரெய்லர் அதன் பின்னால் மூக்கைத் தூக்கிக்கொண்டு, வாலைத் தாழ்த்திக்கொண்டு நாகர்கோவிலிலிருந்து வந்திருக்கிறது. ஒவ்வொரு வேகத்தடையிலும் அடிப்பக்கம் உரசியது. பழவங்காடிப் பிள்ளையாருக்கு உடைக்க வாங்கிய தேங்காய் உள்ளே உருண்டுபோய்ப் பின்கதவில் முட்டியது.

"இனிமே இதுல ஏற மாட்டேன். நான் பஸ்லயே வர்றேன்" என்று மனைவி இறங்கிவிட்டாள்.

ஒர்க்ஷாப்காரர் தங்கையா திருநெல்வேலிக்காரர்; இங்கேயே பல வருஷம் இருந்ததில் உயரம் என்பது அவர் வாயில் மலையாளப் 'பொக்கம்' ஆகிவிட்டது. குனிந்து பார்க்கிறார்.

"சாரே, வண்டிக்குப் பொக்கம் கூடிப்போச்சு. டிரெய்லர் மாட்டுற கொக்கியத் தாழ்த்தணும், கேட்டோ."

"வெல்டிங் வைக்கணுமா? நாளாகுமா?"

"ஒண்ணும் வேண்டா. இந்தப் பிளேட்டத் தலகீழா மாட்டினா போதும்."

நான்கு போல்ட்டுகளைக் கழற்றி, பிக்கப்பின் கொக்கித் தகட்டைக் கவிழ்த்து முடுக்குகிறார். டிரெய்லரை மறுபடி பூட்டுகிறோம். ரசமட்டம் எதுவும் தேடாமல், எங்கள் தேங்காயையே எடுத்து உள்ளே தரையின் நடுவில் வைத்துக் கையை எடுக்கிறார். மூவரும் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். அது வைத்த இடத்திலேயே இருக்கிறது.

"இனி உருளாது. கொண்டு போயி உடைங்க" என்கிறார்.

மனைவி முன்சீட்டில் ஏறிக்கொள்கிறாள். ஒவ்வொரு வேகத்தடையிலும் காதைத் தீட்டிக்கொள்கிறாள். உரசலும் இல்லை, முட்டலும் இல்லை. பிள்ளையார் முன் சிதறும்போதுதான் தேங்காய் வாயைத் திறக்கிறது.