வெயிலில் ஆடும் வைப்பர்

காலை ஏழு இருபத்திரண்டு. வானத்தில் பொட்டு மேகம் கிடையாது. எதிர் நிறுத்தத்தில் வந்து நிற்கும் இருபத்திமூன்றாம் எண் பேருந்தின் முன்கண்ணாடியில் வைப்பர் இரண்டு முறை போய் வந்து படுத்துக்கொள்கிறது. ஏறுகிறவர்கள் அண்ணாந்து மழையைத் தேடுகிறார்கள். தேடட்டும். எங்கள் மூன்றாம் மாடியில், என் பக்கத்து வீட்டுக் கொடியில் ஒரு நீலத் துண்டு தொங்குகிறது. பார்த்துவிட்டேன் என்று ஓட்டுநர் தன் பெண்கள் இருவருக்கும் ஆளுக்கு ஒரு வீச்சாகப் பதில் சொல்கிறாள், அவ்வளவுதான்.

குடியிருப்பில் அவள் பெயர் 'இருபத்திமூணு'. "இருபத்திமூணு வந்துட்டாளா?" என்றால் பஸ்ஸா பெண்ணா என்று யாரும் விசாரிப்பதில்லை. ஒன்று வந்தால் மற்றது உள்ளே இருக்கும்.

விடியற்காலை நாலரைக்கெல்லாம் படியிறங்கிவிடுவாள். அதற்குள் முட்டை வெந்து, காய் வதங்கி, சாப்பாட்டு டப்பா இரண்டும் மூடி, சீருடைக்கு இஸ்திரி போட்டு, சின்னவளின் காணாமல் போன ஒற்றைக் காலுறையும் கண்டுபிடித்தாகிவிடும். அவளுக்கு ஆறு கை, நாலைச் சட்டைக்குள் மடித்து வைத்திருக்கிறாள் என்பது என் கட்சி. நான் சொல்வதில் பாதியைத் தள்ளுபடி செய்தாலும் ஒரு கை மிச்சம் வரும். கணவர் கப்பலில் சமையல்காரர். "எரநூறு பேருக்கு ஆக்கிப் போடுறாரு பெரியம்மா. அந்த எரநூறுல நாங்க மூணு பேரு மட்டும் இல்ல" என்பாள்.

வீட்டிலும் பேச்சு பஸ் பேச்சுதான். விடுமுறை நாளில் பெண்களை எழுப்புவது, "கடைசி ஸ்டாப் வந்தாச்சு, எல்லாரும் எறங்குங்க!" சாப்பாட்டு மேஜையில், "நடுவுல எடம் கெடக்கு, தள்ளி ஒக்காரு." பெரியவளுக்குப் பதினொரு வயது, வாய்க்கு இருபது. தட்டின் ஓரத்தில் ஒதுக்கிய கேரட்டைக் காட்டி, "இதுங்க எறங்க மாட்டேங்குது டிரைவரம்மா, பாஸ் வச்சிருக்காம்" என்பாள்.

ஓட்டும்போது அலைபேசி கூடாது; டெப்போவில் பூட்டி வைத்துவிட்டுத்தான் வண்டி எடுக்க வேண்டும். அதற்காகத்தான் துண்டு ஏற்பாடு. நீலம் என்றால் சாப்பிட்டாயிற்று, கிளம்புகிறோம். மஞ்சள் என்றால் சண்டை, சாயங்காலம் பஞ்சாயத்து உண்டு. வெறும் கொடி என்றால் இரண்டும் இன்னும் தூங்குகின்றன. சிவப்பு என்றால் உடம்பு சரியில்லை. இரண்டு வருஷத்தில் சிவப்பை யாரும் பார்த்ததில்லை.

போன செவ்வாய்க்கிழமை நான் பார்க்க வைத்தேன்.

முந்தின நாள் சின்னவளுக்குக் காய்ச்சல். விடிவதற்குள் இறங்கிவிட்டது. பெரியவளிடம், "மறுபடி ஒடம்பு சுட்டா செவப்பு போடு. பெரியம்மாவ எழுப்பு" என்று சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறாள். இது ஒன்றும் எனக்குத் தெரியாது. என் வீட்டுக் கொடி அன்றைக்கென்று பார்த்து அறுந்தது. இரண்டு பால்கனிக்கும் நடுவே ஒரு குட்டைச் சுவர்தானே! துவைத்த மேஜை விரிப்பைக் கை நீட்டி அவர்கள் கொடியில் போட்டேன். நல்ல பெரிய விரிப்பு. பிள்ளைகள் போட்டிருந்த நீலத் துண்டை முழுசாக மூடிவிட்டது. விரிப்பின் நிறத்தைச் சொல்லவும் வேண்டுமா?

பஸ் வந்து நின்றது. வைப்பர் ஆடவில்லை. கதவு மூடியது, திறந்தது, மறுபடி மூடியது. பஸ்ஸுக்கும் வயசாகிவிட்டது போல என்று எண்ணிக்கொண்டு நான் காப்பியைக் குடித்தேன்.

உள்ளே நடந்ததைத் தினமும் அதில் போகிற தையல்காரி பிறகு சொன்னாள். இருபத்திமூணு மேலே பார்த்தாளாம். இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டாளாம்.

"என்னம்மா, எறங்கப் போறீங்களா?" என்று முன்சீட்டுக்காரர் கேட்டிருக்கிறார்.

எதிரே அவள் வீடு. மூன்று மாடி ஏறினால் குழந்தை. கொடியை இன்னொரு முறை பார்த்துவிட்டுப் பட்டையை மறுபடி மாட்டிக்கொண்டாளாம். "இல்லைங்க. நாப்பத்திமூணு பேரு ஒக்காந்திருக்கீங்க. பெரியவ பாத்துக்குவா."

கடைசி நிறுத்தத்துக்குப் பதினொரு நிறுத்தம். "பறக்கப் போறாங்கன்னு கம்பிய இறுக்கிப் புடிச்சிக்கிட்டேன்" என்றாள் தையல்காரி. "அன்னிக்கு மாதிரி நிதானமா அவங்க ஓட்டி நான் பாத்ததே இல்ல. ஒரு கெழவர் படி ஏற அவ்வளவு நேரம் எடுத்தாரு. 'மெதுவா ஏறுங்கய்யா'ன்னு சொல்றாங்க, அவரு ஒக்கார்ற வரைக்கும் வண்டிய எடுக்கல."

கடைசி நிறுத்தத்தில் டைம் கீப்பரின் போனைப் பிடுங்கி வீட்டுக்குப் பேசியிருக்கிறாள். பள்ளிக்குக் கிளம்பி வீட்டைப் பூட்டப்போன பெரியவள்தான் எடுத்தாள்.

"செவப்பா? நாங்க நீலந்தானே போட்டோம்! இரு, பாக்குறேன்... அம்மா, இது பெரியம்மாவோட மேஜத் துணி! பாப்பா நல்லாத்தான் இருக்கா. ஷூ போடாம ஆடிட்டிருக்கா."

போனை வைத்துவிட்டு அவள் பெஞ்சில் உட்கார்ந்தது இரண்டு நிமிஷம். எட்டேகால் வண்டியை எட்டேகாலுக்கே எடுத்தாள்.

மத்தியானம் மூணு மணிக்கு என் வீட்டு மணி அடித்தது. பெரியவள் சொல்லி எனக்கு விஷயம் தெரிந்துபோயிருந்தது; நாலு திட்டு வாங்க முதுகை நிமிர்த்திக்கொண்டு கதவைத் திறந்தேன். விரிப்பைச் சதுரமாக மடித்து நீட்டினாள்.

"சாயம் போகுது பெரியம்மா. தனியா தொவைங்க."

"கொலைகாரின்னு ரெண்டு வார்த்த திட்டிட்டுப் போடி. எனக்கும் சோறு எறங்கணும்ல."

"திட்ட நேரமில்ல, பள்ளிக்கூடம் விடுற நேரம்." போக எடுத்த கால் நின்றது. தோள்பையிலிருந்து கடைக் காகிதம் கூடப் பிரிக்காத பச்சைத் துண்டு ஒன்றை எடுத்து விரிப்பின் மேல் வைத்தாள். "இது ஒங்களுக்கு. காலைல எழுந்ததும் போட்டுடுங்க. தனியா இருக்கீங்க, எனக்கும் தெரியணும்ல?" பதிலுக்கு நிற்காமல் இரண்டிரண்டு படியாக இறங்கிவிட்டாள்.

மறுநாள் நீலத்துக்குப் பக்கத்தில் பச்சை. ஏழு இருபத்திரண்டுக்கு பஸ் வந்தது. சுள்ளென்ற வெயில். வைப்பர் இரண்டு முறை போய் வந்து படுத்தது. பிறகு எழுந்து, இன்னொரு முறை ஆடியது.