கெட்டிமேளமும் ஒற்றைத் தும்மலும்

பின்கட்டு வாசல் நிலையில் ஒரு கையை ஊன்றி, கண்ணைச் சுருக்கி, மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நிற்பாள் என் நாத்தனார். சமையலறை இருட்டிலிருந்து அப்போதுதான் வெயிலுக்கு வந்திருப்பாள். ஒரு மூச்சு உள்ளே போய்ப் பாதியில் நிற்கும். இரண்டு தடவை இழுக்கும். பிறகு வரும் பாருங்கள், கொடியில் உட்கார்ந்திருக்கும் காக்காய் பறந்துபோகிற மாதிரி ஒரு தும்மல். ஒன்றே ஒன்றுதான். எவ்வளவு காத்திருந்தாலும் இரண்டாவது வராது. அந்த இரண்டாவது வராததுதான் எங்கள் வீட்டில் பெரிய வழக்கு.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். நான் பேசுவதை அச்சில் வருகிற மாதிரி போடு, மற்றவர்கள் பேசியதை மட்டும் பேசினபடியே போடு என்று சொல்லியிருக்கிறேன். வழக்கு என்றேன் அல்லவா, அதைச் சொல்கிறேன். இரட்டைத் தும்மல் நல்லது, ஒற்றைத் தும்மல் ஆகாது என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். யாராவது வெளியே கிளம்பும்போது ஒற்றைத் தும்மல் காதில் விழுந்தால், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். என் மாமனார் இந்தச் சட்டத்தில் ரொம்பக் கண்டிப்பு. அவருக்குப் பீர்க்கன்கரணை ஏரிக்குக் கீழே கொஞ்சம் நிலம் இருந்தது. அது மனையாக மாறிக்கொண்டிருந்த காலம். பத்திர ஆபீசுக்குக் கிளம்புவார். வாசல் தாண்டுகிற நேரத்துக்குச் சரியாக நாத்தனார் பின்கட்டுக் கதவைத் திறப்பாள். தும்முவாள். அவர் திரும்பி வந்து தண்ணீர் குடிப்பார். இப்படிக் குடித்துக் குடித்தே ஆபீஸ் மூடுகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார்.

அதனால் ஒரு வழக்கம் வந்தது. யாராவது முக்கியமான காரியமாகக் கிளம்பினால், "அவள உள்ள உக்கார வெய்யி" என்பார் மாமனார். உள்ளே என்றால் முன்பு நெல் மூட்டை அடுக்கி வைத்திருந்த அறை. ஜன்னல் ஒன்றுதான், அதையும் சாத்திவிடுவார்கள். பத்தாவது வரைக்கும் படித்த பெண், அந்த இருட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள். நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த முதல் வாரம், என் அப்பா என்னைப் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பினார். அப்போதும் அவளை உள்ளே அனுப்பினார்கள். கதவு இடுக்கு வழியாக, "போயிட்டு வாங்க மாமா" என்று ஒரு குரல் மட்டும் வந்தது. என் அப்பா யார் கூப்பிட்டது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எனக்கு அன்றைக்கே மனசுக்குள் ஒரு முள் குத்தியது.

படிப்பு இல்லாவிட்டால் என்ன, கண் இருக்கிறதே. ஐப்பசி அடைமழையில் பத்து நாள் சூரியனையே காணவில்லை. அந்தப் பத்து நாளும் அவள் தும்மவில்லை. மழை விட்டுப் பளிச்சென்று வெயில் வந்த காலையில் வாசலுக்கு வந்தாள், தும்மினாள். ஏரிக்கரையில் தண்ணீர் தகதகவென்று மின்னினால் தும்முவாள். நிழலில் போகிற பஸ் வெயிலுக்குத் திரும்பினால் தும்முவாள். வெயிலிலேயே நின்றால் அடுத்த தும்மல் கிடையாது. நான் அவளிடம் சொன்னேன், "உனக்குச் சகுனமும் இல்ல ஒண்ணும் இல்ல, வெளிச்சம் பட்டா மூக்கு அரிக்குது." அவள் சிரித்தாள். "அது எனக்கும் தெரியும் அண்ணி. யார்கிட்ட சொல்ல?" என்றாள்.

யாரிடம் சொல்வது என்பதுதான் கேள்வி. மாமனாரிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அவர் மூக்குப்பொடி டப்பியைத் தட்டிக்கொண்டே, "வெயிலு எல்லார் மேலயுந்தான் அடிக்குது, எல்லாருமா தும்மிகினு இருக்கோம்?" என்று கேட்டார். கேட்டுவிட்டு வாசலுக்குப் போனார். போனவர் தும்மினார். அது பொடித் தும்மல், கணக்கில் சேராது.

இதற்குள் இரண்டு சம்பந்தம் கைவிட்டுப் போயிருந்தது. ஒன்று ஜாதகத்தில் போனது, அதை விடுங்கள். மற்றொன்று தும்மலில்தான். முற்றத்தில் நாற்காலி போட்டு மாப்பிள்ளை வீட்டாரை உட்கார வைத்திருந்தார்கள். இவள் உள்ளிருந்து காபித் தட்டோடு வந்தாள், முற்றத்து வெயில் முகத்தில் விழுந்தது, காபியின் மேலேயே தும்மிவிட்டாள். வந்தவர்கள் குடிக்காமல் எழுந்துகொண்டார்கள். சகுனத்துக்காக எழுந்தார்களா, காபிக்காக எழுந்தார்களா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குச் சந்தேகம். ஆனால் அன்று இரண்டாவது டிகாக்‌ஷன் கூடப் போடாமல் மாமியார் அழுதது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அன்றைக்குத்தான் நான் தீர்மானம் செய்தேன். அடுத்து யார் வந்தாலும் இவளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத்தான் எனக்கு வேறு வேலை.

அடுத்து வந்தது பம்மலில் பை தைக்கிற பட்டறை வைத்திருந்த ஒரு பையன். நல்ல குணம். ஆனால் அவனுடைய அம்மா, பூனை குறுக்கே போனால் தெருவையே மாற்றிக்கொண்டு போகிறவள். அவர்கள் வருவதற்கு அரை மணிக்கு முன்னால் நாத்தனாரைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். இருட்டில் கொஞ்சம் உட்கார வைத்து, பிறகு வெயிலில் நிறுத்தினேன். தும்மினாள். மறுபடி இருட்டு, மறுபடி வெயில். நான்கு தடவை. "இருப்பு தீந்துபோச்சா?" என்று கேட்டேன். "தீந்துபோன மாதிரிதான் கீது அண்ணி" என்றாள். பிறகு வெயில் வழியாகவே சுற்றி முன்வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்தினேன். மூக்கு மட்டும் சிவந்திருந்தது. வெட்கத்தில் சிவந்துவிட்டது என்று மாப்பிள்ளையின் அம்மா பூரித்துப்போனாள். தட்டு மாற்றிக்கொண்டோம்.

கல்யாணம் தாம்பரத்தில் ஒரு மண்டபத்தில். மண்டபத்துக்குள் ஏது வெயில் என்று நிம்மதியாக இருந்தேன். முதல் நாள் சாயங்காலம் வரவேற்பில்தான் வீடியோ வெளிச்சத்தைப் பார்த்தேன். அந்தக் காலத்து வீடியோ விளக்கு, பார்த்தாலே கண் பொசுங்கும். சூடு தாங்காது என்று முக்கியமான நேரத்துக்கு மட்டும் போட்டுவிட்டு அணைப்பார்கள். முதல் தடவை போட்டதுமே இவள் மூக்கு சுருங்கியது. நான் பாய்ந்து போய் மாலையைச் சரிசெய்கிற மாதிரி அவள் முகத்தை மாலைக்குள் அழுத்திவிட்டேன். தும்மல் ரோஜாப்பூவுக்குள் போய்விட்டது. ஆனால் தாலி கட்டும்போது மணவறையில் நான் போய் அழுத்த முடியுமா?

விடிந்ததும் வீடியோக்காரரிடம் போனேன். தாலி கட்டும்போது அந்த விளக்கு வேண்டாம் என்றேன். "லைட்டு இல்லாம எடுத்தா பொண்ணும் மாப்ளயும் நெழலு மாதிரி தெரிவாங்க. மாப்ள வூட்டுல என்ன உரிச்சுடுவாங்கக்கா" என்றார். முன்கூட்டியே விளக்கைப் போட்டு வைக்கச் சொல்லியிருக்கலாம், கண் பழகியிருக்கும். அது இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு எனக்குத் தோன்றியது வேறு. நேராகத் தவில்காரரிடம் போனேன். கூடுவாஞ்சேரிக்காரர், காபி குடித்துக்கொண்டிருந்தார். நான் கையைத் தூக்கினால் கெட்டிமேளம் அடிக்க வேண்டும் என்றேன்.

"ஐயரு வெரலத் தூக்கினா அடிப்போம். நீ தூக்கினா இன்னாத்துக்குக்கா அடிக்கணும்?" என்று கேட்டார்.

உண்மையைச் சொன்னேன். அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "கெட்டிமேளம்னு ஒண்ணு வெச்சதே அதுக்குத்தான்க்கா. தும்மலு, அழுகை எதுவும் அந்த நேரத்துல காதுல வுழக் கூடாதுன்னுதான். நீ தூக்கு, நான் பாத்துக்கிறேன்."

முகூர்த்தத்துக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கும். தாலியைத் தேங்காய் மேல் வைத்துத் தட்டில் ஏந்தி, பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதிக்கக் கூட்டத்துக்குள் கொண்டுபோனார்கள். நாத்தனார் மணவறையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் மாமனார், மாமியார். நான் தூணோரம், தவில்காரருக்குத் தெரிகிற மாதிரி. அந்த நேரம் பார்த்து விளக்கைப் போட்டார்கள். இவள் தலை நிமிர்ந்தது. மூச்சு உள்ளே போய்ப் பாதியில் நின்றது. எனக்கு ஐயரும் தெரியவில்லை, முகூர்த்தமும் தெரியவில்லை, கை தானாக மேலே போய்விட்டது.

தவிலும் நாயனமும் பிய்த்துக்கொண்டு எழுந்தன. மண்டபம் முழுக்க எழுந்து நின்று அட்சதையை வீசியது. மாப்பிள்ளை இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு தாலியைத் தேடினான். தாலியோ நான்காவது வரிசையில் ஒரு பெரியவர் கையடியில் இருந்தது. ஐயர் கையை ஆட்டி ஆட்டி நிறுத்தச் சொன்னார். நிறுத்தினார்கள். தும்மல் யார் காதிலும் விழவில்லை, அந்த மட்டுக்கும் நான் ஜெயித்தேன். ஆனால் மாப்பிள்ளையின் அம்மா எழுந்து தவில்காரரிடம் போனாள்.

"யாரு சொல்லி அடிச்சே?"

அவர் குச்சியால் என்னைக் காட்டினார். ஆயிரம் தலை திரும்பின மாதிரி இருந்தது எனக்கு. முந்நூறு பேர்தான் இருப்பார்கள்.

"கொசு கடிச்சுது, கையத் தூக்கினேன்" என்றேன்.

"தாலி ஏறாம கெட்டிமேளம் அடிச்சா இன்னா ஆவும்னு தெரியுமா உனக்கு? நாத்தனா கல்யாணத்தக் கெடுக்கணும்னே நிக்கிறியா?" என்றாள். மாமனார் என்னை முறைத்தார். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். அப்போதுதான் மணவறையிலிருந்து அந்தக் குரல் வந்தது. நெல் அறைக் கதவு இடுக்கில் கேட்ட அதே குரல்தான், ஆனால் இப்போது கதவு இல்லை.

"அண்ணிய ஏதும் சொல்லாதீங்க அத்த. எனக்குத்தான் தும்மல் வந்துது. பளிச்சுனு வெளிச்சம் பட்டா வரும், பொறந்ததுலருந்து அப்படித்தான். நாளைக்கு உங்க வூட்டு வாசல்லயும் தும்முவேன். அதுக்காக ரூமுல போட்டுச் சாத்துவீங்கன்னா இப்பவே சொல்லிடுங்க. நான் எழுந்துக்கிறேன்."

என் மாமியார் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அந்தத் தூணைக் கட்டிக்கொண்டு நின்றேன். இத்தனை நாள் நான் மறைத்து மறைத்துக் கட்டியதை ஒரே மூச்சில் பிரித்துப் போட்டுவிட்டாளே என்று ஆதங்கம். ஆனாலும் பொய் சொல்ல மாட்டேன், உள்ளுக்குள் ஒரு ஓரத்தில் சந்தோஷமாகவும் இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா அவளையே பார்த்தாள். பிறகு விளக்கு பிடிக்கிற ஆளிடம், "அணை" என்றாள். அணைத்தார். கொஞ்ச நேரம் நின்றாள். "இப்போ போடு."

போட்டார். நாத்தனார் தும்மினாள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "இன்னொரு தபா" என்றாள் அந்த அம்மாள். அணைத்துப் போட்டார்கள். இந்தத் தடவை விளக்கு கொஞ்சம் அகலமாக விழுந்தது. இரண்டு தும்மல் கேட்டது. ஒன்று நாத்தனாருடையது. இன்னொன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மாமனாருடையது.

"சம்பந்தி, உங்களுக்குமா?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

"அது பொடி..." என்று ஆரம்பித்தார்.

"காலையிலருந்து பொடி எங்க போட்டீங்க?" என்று கேட்டாள் என் மாமியார். அத்தனை வருஷத்தில் அவருக்கு எதிராக அவள் பேசி நான் கேட்ட முதல் வார்த்தை அது. "டப்பி என் முந்தானையில கீது."

மண்டபமே சிரித்தது. மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. அவர் தன் மகளைப் பார்த்தார், பிறகு அந்த விளக்கைப் பார்த்தார். எத்தனை காலைகள், எத்தனை சொம்புத் தண்ணீர் என்று நினைத்தாரோ என்னவோ. ரொம்ப நாள் கழித்து ஒரு டாக்டர் சொன்னார், இது பரம்பரையாக வருவது, என்னவோ நரம்புக் கணக்கு, ஒரு கெடுதலும் இல்லை என்று. எங்களுக்கு அதை வீடியோ விளக்கே சொல்லிவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா தன் இடத்தில் போய் உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "இது சகுனம் இல்ல, சுவிச்சு. ஐயரே, நேரம் ஆவுது" என்றாள். தாலி ஏறியது. இரண்டாவது கெட்டிமேளம் ஐயர் விரலுக்குத்தான் அடித்தது. நான் இரண்டு கையையும் முந்தானையில் சுற்றி வைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் எனக்குக் கண் ஆபரேஷன். துணைக்கு நாத்தனார் பம்மலிலிருந்து விடியற்காலையிலேயே வந்துவிட்டாள். அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. நாங்கள் கிளம்பும்போது வெயில் ஏறிவிட்டது. அவள்தான் முதலில் வாசல் தாண்டினாள். தும்மினாள், அதே ஒற்றைத் தும்மல். கார் கதவைத் திறந்து வைத்திருந்த என் மகன், கம்ப்யூட்டர் படித்தவன், தயங்கி நின்றான். "அத்த, அம்மாவுக்கு ஆபரேஷன்... ரெண்டு நிமிஷம் உள்ள உக்காந்துட்டுக் கெளம்பலாமா?" என்றான்.

"நீ வேணா உக்காரு. நாங்க ஆட்டோல போறோம்" என்று சொல்லிவிட்டு, அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் பின்னாலேயே போனேன்.