ஓடு மாற்றுகிற கட்சி

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் அரசியல் அறிவியல் எம்.ஏ. படித்தேன். பாடத்தில் பழமைவாதி சொல்வார்: பல தலைமுறை சேர்ந்து கட்டிய வீடு இது, ஒழுகுகிற இடத்தில் ஓடு மாற்று, இடித்தால் எல்லோரும் தெருவில்தான். தாராளவாதி கேட்பார்: என் சம்மதமில்லாத விதிக்கு நான் ஏன் அடங்க வேண்டும்? கேட்டும் கிடைக்காவிட்டால் எதிர்க்க உரிமை உண்டு. தேர்வில் இரண்டு பக்கத்தையும் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். மனதுக்குள் நான் ஓடு மாற்றுகிற கட்சி.

கடையில் எங்கள் ஆறு பெண்களுக்கும் நாள் முழுக்க நின்றே வேலை. ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்ததும் முதலாளி ஆறு ஸ்டூல் வாங்கினார். அவை பாலிதீன் உறை பிரிக்காமல் மாடிப்படிக்குக் கீழே கிடந்தன. அதிகாரி யாராவது வந்தால் காட்டலாம்.

என் பக்கத்தில் நிற்கும் அக்கா ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் வருவார். அவருக்குக் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்திருந்தது.

"ஏட்டி, நாளைக்கு ஆறு பேரும் ஒண்ணா ஸ்டூலை எடுத்துப் போட்டு உக்காந்துருவோம். அம்புட்டுப் பேரையுமா அனுப்பிருவாரு?" என்றார்.

மற்ற நால்வரும் சரி என்றார்கள். நான்தான் தடுத்தேன். "செத்த பொறுங்கக்கா. அண்ணாச்சி கெட்டவரு இல்ல. நான் பக்குவமாப் பேசுதேன்."

படித்தவள் என்று என் பேச்சைக் கேட்டார்கள்.

முதலாளி கோபப்படவே இல்லை. "சேலை பாக்க வாரவங்க முன்னால நாம உக்காந்திருந்தா மரியாதையாவா இருக்கும்? கொஞ்சம் கொஞ்சமா மாத்துவோம்மா" என்றார். என் பாடப்புத்தகமே பேசியதுபோல இருந்தது, பெருமைப்பட்டேன். தீபாவளி கழியட்டும் என்றார். பிறகு பொங்கல், பிறகு கல்யாண சீசன்.

பங்குனியில் அக்காவின் காலில் வந்த புண் ஆறவில்லை. வேலையை விட்டுவிட்டார். அதன் பிறகு ஒருநாள் முதலாளியே உறைகளைப் பிரித்து ஸ்டூல்களைப் போட்டார். யார் வேலையும் போகவில்லை, வியாபாரமும் குறையவில்லை. என் கட்சி ஜெயித்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆவணியில் அக்கா தன் மகளுக்குச் சேலை எடுக்க வந்தார். காலில் கட்டு இருந்தது. ஸ்டூலில் இருந்த நான் எழுந்துவிட்டேன்.

"உக்காருட்டி. எப்பப் போட்டாரு?"

"நீங்க போன மறுமாசம்."

"அப்ப நாந்தான் ஒரு மாசம் பொறுக்காமப் போயிட்டேன்" என்று சிரித்தார். பச்சைக் கரை போட்டதை எடுக்கச் சொன்னார்.

அன்று கடை மூடும்வரை நான் உட்காரவில்லை. அதனால் அவர் கால் ஆறப்போவதில்லை என்று தெரிந்தேதான் நின்றேன்.