டொம் என்ற சத்தம்

எதையும் தட்டிப் பார்க்காமல் அவரால் கடந்துபோக முடியாது. நடுவிரலை மடக்கி, முட்டியால் இரண்டு தட்டு. பிறகு தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக் காது கொடுப்பார். கதவு, தண்ணீர்த் தொட்டி, பேருந்தின் தகரம் என்று எதுவும் தப்பாது. மகளுக்கு வரன் பேசப் போன வீட்டில் சுவரைத் தட்டிப் பார்த்து, "உள்ள ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

கல் தோண்டுகிறவர்கள் அவரைக் காதுக்காரர் என்றார்கள்.

அவர்கள் தோண்டியது வெளிர்நீலக் கல். கனிமம் சேர்ப்பவர்கள் கண்ணாடி அலமாரியில் வைக்க வாங்குவது. செலஸ்டைட் என்பார் வியாபாரி, ஒருவகை சல்பேட் என்றும் சேர்த்துக்கொள்வார். தோண்டுகிறவர்களுக்கு அது வெறும் 'நீலம்'. களிமண்ணுக்குள் அழுக்கு உருண்டையாகக் கிடக்கும். உடைத்தால் நடுவே வெற்றிடம். அதைச் சுற்றி, விடிந்தும் விடியாத வானத்தின் நிறத்தில் பளிங்குப் பற்கள். வெயில் பட்டால் நிறம் வெளுத்துவிடும் என்று ஈரச்சாக்கில் சுற்றி இருட்டில் வைப்பார்கள். இருட்டில் பிறந்து இருட்டிலேயே இருக்க வேண்டிய நீலம்.

கிணறுபோல நேராக இறங்கி, அடியில் பக்கவாட்டாக ஓர் ஆள் தவழும் அளவுக்கு வளை குடைவார்கள். கண்ட இடத்தில் தோண்டினால் ஆயுள் போதாது. அதனால் கம்பியால் சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள். 'டக்' என்றால் மண். 'டொம்' என்றால் உள்ளே வெற்றிடம், வெற்றிடம் என்றால் கல். "வீடு இருக்கு" என்பார்கள். மற்றவர்கள் பத்து இடம் தட்டித் தடுமாறும்போது, காதுக்காரர் ஒரே தட்டில் வீட்டைக் காட்டிவிடுவார்.

மேலே கயிறு பிடிப்பது அவருடைய மச்சினன். மனைவியின் தம்பி.

"அத்தான், உங்க தலையத் தட்டிப் பாருங்க. அதைவிடப் பெரிய வீடு இந்த மண்ணுல கிடைக்காது."

"அது காலியா இல்ல மச்சான். உங்கக்கா குடியிருக்கா."

மச்சினன்தான் முதலில் கவனித்தான். தெருவில் முதுகுக்குப் பின்னால் லாரி ஹாரன் அடித்தும் அத்தான் திரும்பவில்லை. கேள்வி கேட்டால் வாயைப் பார்த்துப் பதில் சொன்னார். "இங்க ஒண்ணுமில்ல" என்று அவர் கைவிட்ட சுவரில் வேறு ஆட்கள் கூடை கூடையாக நீலம் எடுத்தார்கள். டீக்கடையில் ஒருவன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: "காது போயிருச்சு, காரர் மட்டும்தான் மிச்சம்." கடை சிரித்தது. விஷயம் புரியாமல் அவரும் சேர்ந்து சிரித்தார். மச்சினன் மீதி டீயை மண்ணில் ஊற்றிவிட்டு எழுந்தான்.

வீட்டில் அக்கா அடுப்படிக்கு அழைத்துத் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "அவருக்குக் கேக்கலைன்னு நீ வாயத் திறந்துடாத. அந்த ஒண்ண வச்சுத்தான் மனுஷன் நடமாடிக்கிட்டு இருக்காரு."

கூடத்தில் அவர் சாப்பிட்ட தட்டைக் கவிழ்த்து வைத்து, காதை ஒட்டிக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தார். திரும்பத் திரும்ப.

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை. களிமண் தண்ணீர் குடித்துக் கனத்திருந்தது. மற்றக் குழிகளில் ஆட்கள் இறங்கவில்லை. அவர் இறங்கினார். கொஞ்ச நேரத்தில் கீழிருந்து ஒரு கத்தல். கயிற்றைக் கட்டிவிட்டு மச்சினன் பதறி இறங்கினான்.

அத்தான் மல்லாந்து படுத்திருந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"மச்சான், எனக்கே கேக்குது!"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்த 'எனக்கே'யில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. இருவரும் அதைத் தெரியாததுபோல் விட்டார்கள்.

அவர் கம்பியை உயர்த்தி வளையின் கூரையைத் தட்டினார். டொம். சுவரில் கேட்கும் சத்தமல்ல அது. அகலமாக, பெரிய மேளத்தின் மேல் உள்ளங்கை விழுந்ததுபோல் இருந்தது. இன்னும் தள்ளித் தட்டினார். அங்கேயும் டொம்.

"எங்க தட்டினாலும் வீடுதான். ஆள் உயரத்துக்குக் கல்லு மச்சான். டீக்கடைக்கு உருட்டிக்கிட்டே போறேன்."

மச்சினனின் பின்கழுத்தில் மண் பொடி உதிர்ந்தது. சட்டைக்குள் குளிர்ந்து இறங்கியது. முட்டுக்கொடுத்திருந்த மரம் மெல்ல முனகியது. ஆனால் அந்தச் சத்தத்தை அவனும் கேட்டானே. அது கிடைக்கத்தானே இத்தனை காலமும் மண்ணுக்குள் தவழ்ந்தார்கள். அத்தான் முகத்தில் அந்த வெளிச்சத்தைப் பார்த்து எத்தனை நாளாகிறது.

"மரம் ஒரு மாதிரி சத்தம் போடுது அத்தான்."

"என்னது?"

"ஒண்ணுமில்ல."

"மேல போயி சாக்கு எல்லாத்தையும் எடுத்துட்டு வா. விழுந்தா பல்லு உடைஞ்சிரும்."

கல்லின் பல்லைச் சொன்னார்.

மேலே வந்து சாக்குகளை உதறிக்கொண்டிருந்தபோது தட்டும் சத்தம் குழி வழியாக வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் முன்னதைவிடப் பெரிதாக.

"சத்தம் பெருசாகுது மச்சான்! கிட்ட வந்துட்டேன்!"

அடுத்த டொம் கம்பியிலிருந்து வரவில்லை. குழிவாயிலிருந்து காற்று எழுந்து மச்சினன் முகத்தில் அறைந்தது. பச்சை மண் வாடை. கயிறு சும்மா ஆடிக்கொண்டிருந்தது.

எல்லாக் குழி ஆட்களும் ஓடி வந்தார்கள். டீக்கடையில் சொன்னவன்தான் முதலில் இறங்கினான். வெளிச்சம் போகுமுன் அவரை எடுத்துவிட்டார்கள். கம்பி கையிலேயே இருந்தது. விழுந்த மண்ணை மச்சினன் பிறகு தனியாகச் சலித்தான். நகத்தளவு நீலம்கூட அதில் இல்லை.

துக்கம் கேட்க வந்தவர்களில் அக்காவின் தூரத்துச் சொந்தம் ஒருவர் இருந்தார். வேறு ஊரில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். நடந்ததைக் கேட்டுக்கொண்டே வந்தவர், கூரையில் எப்படிச் சத்தம் வந்தது என்று விசாரித்தார். மச்சினன் பக்கத்திலிருந்த காலி அண்டாவைத் தட்டிக் காட்டினான்.

நிலக்கரிச் சுரங்கத்தில் அவர்களும் இறங்கியதும் கம்பியால் கூரையைத் தட்டித்தான் பார்ப்பார்களாம். 'டக்' என்றால் வேலையைத் தொடங்கலாம். 'டொம்' என்றால் கூரை மேல்மண்ணை விட்டுப் பிரிந்துவிட்டது என்று அர்த்தம். சாப்பாட்டு டப்பாவைக்கூட எடுக்காமல் ஓடிவந்துவிடுவார்களாம்.